மூன்றாம் நாடு என்றொரு சேவை: குவாண்டனாமோ உய்குர்களுக்குக் கிடைத்ததும் கிடைக்காததும்

எதற்கு மதிப்பெண் போடப்போகிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். தவறாகப் பிடித்து அடைத்த ஓர் ஆளைச் சொந்த ஊருக்கு அனுப்பினால் உயிர் போய்விடும். பிடித்த நாடோ தன் மண்ணில் காலெடுத்து வைக்க விடாது. அப்போது இன்னொரு நாட்டிடம் பேசி, அவரை அங்கே இறக்கிவிடுவார்கள். இதற்கு அலுவலகப் பெயர் மூன்றாம் நாட்டுக் குடியமர்த்தல். வீடு, மாதப்படி, மொழி வகுப்பு, வேலை, அடையாள அட்டை எல்லாம் சேர்ந்த பொட்டலம் அது. அமெரிக்கா ஏற்பாடு செய்ய, ஆறு நாடுகள் இந்தப் பொட்டலத்தை, கியூபாவில் உள்ள அமெரிக்க ராணுவச் சிறையான குவாண்டனாமோவில் அடைபட்டிருந்த 22 உய்குர் ஆண்களுக்குக் கொடுத்தன. உய்குர்கள் சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் வாழும் முஸ்லிம் இனத்தவர். 2006 மே மாதம் அல்பேனியாவுக்கு 5 பேர், 2009 ஜூனில் பெர்முடாவுக்கு 4 பேர், அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் பலாவுக்கு 6 பேர், 2010-ல் சுவிட்சர்லாந்துக்கு 2 பேர், 2012-ல் எல் சால்வடோருக்கு 2 பேர், 2013 டிசம்பர் கடைசியில் ஸ்லோவாக்கியாவுக்கு மிச்சமிருந்த 3 பேர். ஏறக்குறைய ஒரே வரலாறு கொண்ட ஆட்கள், ஆறு வேறு கடைகள். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் தோதான மாதிரி அமையாது.

முன்கதை சுருக்கமாக. இவர்களில் பெரும்பாலோர் சீனாவின் ஷின்ஜியாங்கை விட்டு வெளியேறி, 2001-ல் ஆப்கானிஸ்தானின் தோரா போரா மலைப்பக்கம் ஒரு சிறு குடியிருப்பில் தங்கியிருந்தவர்கள். அக்டோபரில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட ஆரம்பித்ததும் மலையேறிப் பாகிஸ்தானுக்குள் தப்பினார்கள். அங்கே ஊர்க்காரர்கள் சோறு போட்டு வரவேற்றுவிட்டுப் பிடித்துக் கொடுத்தார்கள். அமெரிக்கா அப்போது அறிவித்திருந்த சன்மானம் தலைக்கு 5,000 டாலர். 2002-ல் குவாண்டனாமோ. அதே ஆண்டு சீன அதிகாரிகள் அந்த முகாமுக்கே வந்து இவர்களை விசாரித்துவிட்டுப் போனார்கள். 2003 முடிவதற்குள் இவர்களில் பலரை விட்டுவிடலாம் என்று ராணுவமே குறிப்பு எழுதிவிட்டது. விடுவதற்குத்தான் இடம் இல்லை.

இந்தச் சேவையின் முதல் ஓட்டை அங்கேயே, ஒரு சொல்லில் இருக்கிறது. 2004-05-ல் நடந்த ராணுவத் தீர்ப்பாயங்கள் 558 பேரின் கோப்புகளைப் பார்த்து, 38 பேருக்குச் சாதகமாக முடிவு சொன்னன. அந்த முடிவில் இருந்த வாசகம் 'இனி எதிரிப் போராளி அல்ல' என்பது. முதலிலிருந்தே இல்லை என்று எழுதவில்லை. 'இனி' என்று எழுதினார்கள். நேற்றுவரை இருந்தான், இன்று ஓய்ந்தான் என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டது. பிறகு எந்த விசா மேசையிலும், எந்த வங்கியிலும், எந்த எல்லைச் சாவடியிலும் அந்த 'இனி' முன்னால் போய் நிற்கும். வாடகைக்கு வீடு பார்க்கப்போகிறவரிடம் கையில் இருக்கவேண்டியது 'இவரை அடைத்தது தவறு' என்ற தாள். கொடுத்ததோ இது.

இரண்டாவது ஓட்டை, அவசரம். இந்த 22 பேரில் அபு பக்கர் காசிமும் இன்னொருவரும் தொடுத்த வழக்கில், 2005 டிசம்பரில் நீதிபதி ஜேம்ஸ் ராபர்ட்சன், காவல் சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டு, ஆனால் விடுவிக்கும் அதிகாரம் தன்னிடம் இல்லை என்றார். மேல்முறையீட்டு விசாரணை 2006 மே 8-க்குக் குறிக்கப்பட்டிருந்தது. மே 5 அன்று இவ்விருவர் உள்பட ஐவரும் அல்பேனியாவுக்கு விமானத்தில் ஏற்றப்பட்டார்கள். வழக்கு செத்தது. 2008 அக்டோபர் 7 அன்று நீதிபதி ரிகார்டோ உர்பினா, மீதி 17 பேரையும் அமெரிக்காவுக்குள்ளேயே விடும்படி ஆணையிட்டார். வாஷிங்டன் வட்டாரத்தில் இருந்த உய்குர் குடும்பங்கள் இவர்களைத் தங்கவைக்கத் தயாராக இருந்தன. 2009 பிப்ரவரி 18 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது, எல்லாருக்கும் ஏதோ ஒரு நாடு இடம் தர முன்வந்துவிட்டதே என்ற காரணத்தில் 2010 மார்ச்சில் அதுவும் தீர்ப்பில்லாமல் கீழ் நீதிமன்றத்துக்கே திரும்பி வந்தது. ஆகவே பல விமானங்களின் நாள் நீதிமன்ற நாட்காட்டியைப் பார்த்துக் குறிக்கப்பட்டதுபோலத்தான் தெரிகிறது. ஆள் போகிற ஊரில் மொழி ஆசிரியர் இருக்கிறாரா, மனநல மருத்துவர் இருக்கிறாரா, பக்கத்தில் பேச ஓர் உய்குர் குடும்பமாவது உண்டா என்பதெல்லாம் விமானம் இறங்கிய பிறகு பார்த்துக்கொண்ட விஷயங்கள்.

இனி கடை கடையாகப் பார்க்கலாம். அளவுகோலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வீடு எவ்வளவு அழகு, கடல் எவ்வளவு நீலம் என்பதற்கெல்லாம் என் கணக்கில் மதிப்பெண் குறைவு. கையில் என்ன தாள் இருக்கிறது, அதை நீட்டினால் எத்தனை கதவு திறக்கிறது, சொந்த வருமானம் எத்தனை மாதத்தில் வருகிறது. இந்த மூன்றும்தான் முக்கியம்.

அல்பேனியா. தலைநகர் டிரானாவின் ஓரத்தில் பப்ரூ என்ற இடத்தில் உள்ள அரசு அகதிகள் மையத்தில்தான் தொடக்கம். அந்த நாட்டில் அப்போது வேறு உய்குரே கிடையாது. ஐரோப்பாவின் ஏழை நாடுகளில் ஒன்று; உள்ளூர் இளைஞர்களே வேலை தேடி இத்தாலிக்கும் கிரேக்கத்துக்கும் போய்க்கொண்டிருந்த காலம். சீனா இந்த ஐவரையும் கேட்டு நெருக்கியது. அல்பேனியா தர மறுத்தது. அதற்கு ஒரு மதிப்பெண் கட்டாயம் உண்டு. பெரிய பணக்கார நாடுகள் சீனாவின் முகத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தியபோது திறந்தது இந்தக் கதவுதான்.

ஆறு கடைகளிலும் கைத்தொழில் என்ற ஒரு பகுதி சரியாகப் பொருந்தி வந்தது டிரானாவில்தான். காசிம் பீட்சா போடக் கற்றுக்கொண்டு, பிறகு ஹலால் பீட்சா கடையில் வேலைக்குச் சேர்ந்தார் என்பது அப்போது பல பத்திரிகைகளில் வந்த செய்தி. குவாண்டனாமோவிலிருந்து பீட்சா கடைக்கு என்று தலைப்புப் போட்டு வேடிக்கையாக எழுதினார்கள். வேடிக்கை ஒன்றுமில்லை, தொழில் தெரிந்தவர் கண்ணுக்கு இது நல்ல பொருத்தம்.

காரணம் உய்குர்களின் நான் ரொட்டி. ஷின்ஜியாங்கின் காஷ்கர், குல்ஜா பக்கம் வீதிக்கு வீதி மண் அடுப்பு இருக்கும், நம் தந்தூர் மாதிரி. மாவைத் தட்டையாக விரித்து, விளிம்பை மட்டும் விரலால் தடிமனாக விட்டு, நடுவில் முள் பதித்த அச்சால் குத்துவார்கள். குத்தாவிட்டால் நடுப்பகுதி பூரி மாதிரி உப்பிவிடும். அரிந்த வெங்காயம், எள், கொஞ்சம் உப்பு நீர். பிறகு துணி திணித்த மெத்தையில் வைத்து அடுப்பின் உட்சுவரில் அறைவார்கள். பீட்சாவிலும் சிக்கல் இதேதான்: விளிம்பு எழும்ப வேண்டும், நடு எழும்பக்கூடாது. அச்சுக்குப் பதில் விரல் நுனி. நடுவிலிருந்து காற்றை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டே போவது. நான் ரொட்டி தட்டிய கைக்கு இந்த அசைவைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேறுபடும் இடங்கள் வேறு. நானுக்கு மாவு கொஞ்சம் கெட்டி, புளிக்க வைப்பது சில மணி நேரம்தான். பீட்சாவுக்கு 1 கிலோ மாவுக்கு 600 மில்லி தண்ணீர், 25 கிராம் உப்பு, ஈரமான ஈஸ்ட் 2 கிராம். எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும். இதில் 250 கிராம் உருண்டை ஆறு வரும், கொஞ்சம் மிஞ்சும். புதிதாகக் கற்கிறவர் செய்யும் முதல் தப்பு, அவசரத்தில் ஈஸ்ட்டை 10 கிராமாக ஏற்றுவது. மாவு இரண்டு மணி நேரத்தில் பொங்கும், சுட்டால் புளிச்ச வாடை அடிக்கும், மறுநாளுக்கு வைக்க முடியாது. இரண்டாவது தப்பு, உருண்டையைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே விரிப்பது. ரப்பர் போலச் சுருங்கிக்கொள்ளும், பலம் போட்டு இழுத்தால் நடுவில் கிழியும். ஒரு மணி நேரமாவது வெளியில் இருக்க வேண்டும். அடுப்பும் வேறு: நான் ரொட்டி செங்குத்தாக வேகும், பீட்சா படுத்து வேகும். விறகு அடுப்பில் தரை 430 டிகிரியைத் தாண்டினால் ஒன்றரை நிமிடம் போதும். கேஸ் அடுப்பில் 320 டிகிரி வைத்தால் மூன்று, நான்கு நிமிடம்.

ஹலால் விஷயம் சின்னதில்லை. அல்பேனியா முஸ்லிம் பெரும்பான்மை நாடுதான், ஆனாலும் பீட்சா அங்கே இத்தாலி வழியாக வந்தது. அதோடு உலர்த்திய பன்றி இறைச்சியும் வந்தது. பன்றி போடாத பீட்சா செய்தால் போதாது. அதே பலகை, அதே வெட்டும் சக்கரம், அதே நீள்கைக் கரண்டி என்றால் தொழுகிறவர் மனம் ஒப்பாது. ஆகவே கடையே ஹலாலாக இருக்க வேண்டும். மாட்டிறைச்சித் தொத்திறைச்சியான சுஜூக் அந்த ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பதால் மேலே தூவ என்ன செய்வது என்ற கவலை இல்லை. பயிற்சி தரும் இடம் ஒன்று, வேலை செய்யும் இடம் இன்னொன்று என்றால், பயிற்சிக்கூடத்தில் எதைத் தொடலாம் என்பதை முதல் நாளே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது. பாதியில் விட்டுப்போகிறவர்கள் பெரும்பாலும் இந்த மாதிரிச் சங்கடத்தில்தான் விடுகிறார்கள். வெளியே சொல்ல மாட்டார்கள்.

அல்பேனியாவில் மதிப்பெண் குறைவது தாளில். ஐவரில் ஒருவருக்கு சுவீடனில் சகோதரி இருந்தார். 2007 நவம்பரில் ஒரு மனித உரிமை மாநாட்டுக்காக அவருக்கு நான்கு நாள் விசா கிடைத்தது. ஸ்டாக்ஹோமில் இறங்கியவர் அங்கேயே தஞ்சம் கேட்டார். 2008-ல் மனு தள்ளுபடி, மேல்முறையீடு, 2009 பிப்ரவரியில் அனுமதி. நான்கு நாள் விசா ஒட்டிய ஒரு பயண ஆவணம், அல்பேனியாவின் மொத்தப் பொட்டலத்தையும்விடப் பெரிய காரியத்தைச் செய்துவிட்டது. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 28-ஆம் பிரிவு சொல்வதும் இதைத்தான்: சட்டப்படி தங்கியிருக்கும் அகதிக்கு வெளிநாடு போகப் பயண ஆவணம் கொடு என்கிறது. கேட்டு வாங்கவேண்டிய முதல் பொருள் அதுதான். தொழிலுக்கு நான்கு, தாளுக்கு இரண்டு என்று போட்டு, ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன்.

பெர்முடாவின் கதை வெளிப்பார்வைக்கு இதைவிடப் பளபளப்பு. அட்லாண்டிக்கில் 53 சதுர கிலோமீட்டர் தீவு, மக்கள்தொகை 65,000 அளவில். 2009 ஜூன் 11 அன்று நால்வர் வந்திறங்கினார்கள். அன்றைய முதல்வர் எவர்ட் பிரவுன் லண்டனிடம் கேட்காமலே ஏற்றுக்கொண்டார். வெளியுறவும் பாதுகாப்பும் லண்டன் கையில் இருக்கும் பகுதி என்பதால் பிரிட்டன் கோபித்துக்கொண்டது. இந்தக் கோபம் ஒரு நாள் பத்திரிகைச் செய்தியோடு போகவில்லை. பாஸ்போர்ட் கொடுக்கும் முடிவில் லண்டனின் கை இருக்கிறது. 2018-ல்தான் அவர்கள் பிரிட்டிஷ் கடல்கடந்த ஆட்சிப்பகுதிக் குடிமக்கள் ஆனார்கள். ஒன்பது வருடம்.

இந்த ஒன்பது வருடம் என்றால் நடைமுறையில் என்ன என்று பார்க்கவேண்டும். பெர்முடாவில் பெரிய மருத்துவமனை ஒன்றே. கடினமான சிகிச்சை என்றால் அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ அனுப்புவது அந்தத் தீவின் வழக்கம். முன்னாள் குவாண்டனாமோ கைதிக்கு அமெரிக்கா மூடிய வாசல். கனடாவுக்கும் லண்டனுக்கும் நேர் விமானம் உண்டு, ஏற பாஸ்போர்ட் வேண்டும். கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளைக்கு எந்த நாட்டுப் பெயரை எழுதுவது என்ற கேள்வி வரும்போதுதான் தாளின் எடை தெரியும். தீவைவிட்டு வெளியே போக முடியாத ஒருவருக்கு, 53 சதுர கிலோமீட்டர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு.

வேலை விஷயத்தில் பெர்முடா வேகம். வந்த சில மாதத்துக்குள் போர்ட் ராயல் கோல்ஃப் மைதானத்தில் பராமரிப்பு வேலை. அந்த அக்டோபரில் அங்கே பெரிய போட்டி நடக்கவிருந்ததால் ஆள் தேவை. இந்த வேலையின் நல்லது, கெட்டது இரண்டையும் சொல்லவேண்டும். கோல்ஃப் மைதானத்தில் குழி இருக்கும் புல்தரையை 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டுவார்கள். ஒரு பாதத்தடம் அழுந்தினாலும் பந்து திசை மாறும். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், ஒன்று கூடாமல் குறையாமல். அடிக்கடி குழியை இடம் மாற்றுவார்கள்; புதிய குழியிலிருந்து வெட்டியெடுத்த புல்கட்டியால் பழைய குழியை மூடி, மட்டம் பார்த்து, தண்ணீர் விட வேண்டும். மட்டம் ஒரு நூல் உயர்ந்தால் மறுநாள் வெட்டும் இயந்திரம் அந்த வட்டத்தைச் சுரண்டிவிடும், புல் பழுத்து மொட்டையாகிவிடும். மணல்பள்ளத்தை வாரும்போது கோடுகள் ஒரே திசையில் போக வேண்டும். விடிவதற்கு முன்னால் தொடங்கி வெயில் ஏறுமுன் முடியும் வேலை. திறந்தவெளி, யாரும் மேலே நின்று அதட்டுவதில்லை, கண்ணால் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். ஏழு வருடம் கம்பிக்குள் இருந்தவருக்கு இதெல்லாம் மருந்து.

கெட்டதும் அதேதான்: பேசாமலே செய்துவிடலாம். மொழி ஏறாது. இரண்டு வருடம் கழித்து வேறு வேலைக்குப் போக நினைத்தால் படிவம் நிரப்பத் தெரியாது. குடியமர்த்தும் ஆட்களுக்கு ஒரு யோசனை: இப்படி வேலை கொடுத்தால், வேலை நேரத்திலேயே வாரம் ஆறு மணி நேரம் வகுப்புக்குச் சம்பளத்தோடு ஒதுக்குங்கள். மாலை வகுப்பு என்று போட்டால் விடியற்காலை நாலரைக்கு எழுந்தவர் உட்கார்ந்தபடியே தூங்குவார். பெர்முடாவுக்கு முதல் வருடம் நான்கு, அடுத்த எட்டு வருடத்துக்கு ஒன்றரை.

பலாவு. பசிபிக்கில் 20,000 பேர் வாழும் தீவுக்கூட்டம். தைவானை அங்கீகரித்த நாடு என்பதால் சீனாவின் மிரட்டலுக்கு அங்கே வேலை இல்லை; அதிபர் ஜான்சன் டொரிபியாங் சம்மதித்தார். ஆனால் வரவேற்புச் சீட்டிலேயே 'தற்காலிகம்' என்று இருந்தது. பலாவுக் குடியுரிமை பலாவு வம்சத்தில் பிறந்தவருக்கே. அரசியல் சட்டமே அப்படி. 1951 உடன்படிக்கையில் பலாவு கையெழுத்துப் போட்டதும் இல்லை. ஆக, எத்தனை வருடம் காத்திருந்தாலும் வரிசையின் முன்னால் சாளரமே கிடையாது. ஆங்கில வகுப்பு இருந்தது, இரவுக் காவல் மாதிரி வேலைகள் இருந்தன, தொழுகைக்குத் துணையாகச் சில நூறு வங்கதேசத் தொழிலாளர்கள் இருந்தார்கள். வெளியே போகும் விமானங்களில் முக்கியமானது குவாம் வழி. குவாம் அமெரிக்க மண். வாசலுக்கு வெளியே மறுபடி அதே காவலாளி நிற்கிறான் என்பதுபோல. சில வருடங்களில் ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். தற்காலிகம் என்று சொல்லிக் கொடுத்ததைத் தற்காலிகமாகவே கொடுத்த நேர்மைக்காக இரண்டு.

சுவிட்சர்லாந்தின் ஜூரா மாநிலம் எடுத்துக்கொண்டது அண்ணன், தம்பி இருவரை. இதில் ஒரு செய்தி மற்ற கடைகளின் லட்சணத்தையும் காட்டுகிறது. சிறையில் அண்ணனின் மனநலம் கெட்டிருந்தது. பலாவு அவரை ஏற்கவில்லை. பலாவு வரச்சொல்லியும் தம்பி போகவில்லை, அண்ணனோடு முகாமிலேயே இருந்தார். இத்தனைக்கும் அண்ணன் தம்பியைத் தேடிப் புறப்பட்டுத்தான் பிடிபட்டவர். பிடித்து வைத்ததால் வந்த நோயைக் காரணம் காட்டி ஆளைத் தள்ளுவது, சேவை என்ற சொல்லுக்கே கேடு. சீனா கடிதம் எழுதி எச்சரித்தும் சுவிட்சர்லாந்து 2010-ல் மனிதாபிமான அடிப்படையில் இருவரையும் சேர்த்து வரவழைத்தது. ஆறில் ஒன்றுக்குத்தான் முழு மதிப்பெண் என்றால் அது இந்த முடிவுக்கு.

எல் சால்வடோரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஸ்பானிஷ் மொழி, உய்குர் சமூகம் இல்லை, முஸ்லிம் கூட்டம் மிகச் சிறிது. வந்த இருவரும் அதிக காலம் தங்கவில்லை. ஸ்லோவாக்கியாவுக்கு முன் அனுபவம் இருந்தது: 2010 ஜனவரியில் வேறு நாடுகளைச் சேர்ந்த மூன்று முன்னாள் கைதிகளை ஏற்று, அகதிகள் மையத்தில் அடைத்துவைத்தாற்போல வைத்திருந்ததால் அவர்கள் அந்த ஆண்டு ஜூனில் உண்ணாவிரதம் இருந்தார்கள். சிறையிலிருந்து வந்தவரை மறுபடி வேலி போட்ட இடத்தில் 'தற்காலிகமாக' வைப்பது இந்தத் துறையின் பழைய வியாதி. முதல் இரவே பூட்டு இல்லாத கதவு, சாவி அவர் கையில். இதற்குச் செலவு ஒன்றும் ஆகாது.

மொழியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பலரும் இதைத் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். உய்குர் துருக்கிய மொழிக் குடும்பம். இப்போது எழுதுவது அரபு எழுத்தில். வகுப்பெடுப்பவர் ஏதோ எழுத்தே தெரியாதவர் வந்திருக்கிறார் என்று நினைத்து அகர வரிசையிலிருந்து ஆரம்பிப்பார். சீனப் பள்ளியில் படித்தவருக்கு, சீன மொழியை லத்தீன் எழுத்தில் எழுதும் பின்யின் முறை வழியாக லத்தீன் எழுத்து தெரியும். தெரிந்த ஒலிதான் வேறு. அல்பேனிய மொழியில் 36 எழுத்து. அதில் 'கியூ' என்ற எழுத்தின் ஒலி பின்யின் ஒலிக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் வரும், அது அதிர்ஷ்டம். 'எக்ஸ்' காலை வாரிவிடும்: பின்யினில் 'ஷ' மாதிரி, அல்பேனியத்தில் ஆங்கில 'dz' போல வரும். இந்த இரண்டையும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டால் ஒரு மாதம் மிச்சம். துருக்கியே பலருக்குக் கடைசிப் புகலிடமாக இருப்பதற்குக் காரணமும் மொழிதான். சில மாதத்தில் பேசிவிடலாம், இஸ்தான்புல்லின் ஸெய்தின்புர்னு பக்கம் போனால் உய்குர் கடைகளும் லக்மன் நூடுல்ஸும் தயாராக இருக்கும். ஆறு நாடுகளில் ஒன்றுகூட அந்த மொழிக் குடும்பத்தைச் சேர்ந்ததாக அமையவில்லை.

அடுத்தது பெயர். தமிழ் வாசகர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. இனிஷியலை விரித்து எழுதச்சொல்லி எந்த அலுவலகத்திலாவது மாட்டியவருக்குப் புரியும். உய்குர்களுக்கும் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. தன் பெயர், பிறகு அப்பா பெயர். சீனப் பாஸ்போர்ட்டில் அது சீன எழுத்தாகி, பின்யினாகி, 'அப்துல்' போன்றது நான்கு அசையாக உருமாறி நிற்கும். குவாண்டனாமோ கோப்பில் அரபு முறையில் இன்னொரு பெயரும் ஓர் எண்ணும். ஏற்ற நாட்டின் அட்டையில் மூன்றாவது எழுத்துக்கூட்டல். இந்த மூன்றையும் அப்படியே விட்டுவிட்டால் கல்யாணப் பதிவில் ஒரு பெயர், குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர் என்று ஆகி, குடியுரிமை மனு போடும் நாளில் மொத்தமும் நிற்கும். வங்கியில் நிலைமை இன்னும் மோசம்: கிழக்கு துருக்கிஸ்தான் இஸ்லாமிய இயக்கத்தை 2002-ல் அமெரிக்காவும் ஐநாவும் பட்டியலில் சேர்த்தன, இவர்களை அந்த இயக்கத்தோடு சேர்த்துத்தான் கோப்புகள் பேசின. அமெரிக்கா 2020-ல் தன் விலக்குப் பட்டியல் ஒன்றிலிருந்து அதை நீக்கியது. கணினிகளுக்கு அந்தச் செய்தி போய்ச்சேர்வது வேறு வேகத்தில். முதல் வாரமே ஓர் எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, மற்ற எல்லா வடிவங்களும் இந்த ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரம் எழுதி, பத்து நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறந்த தேதியையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் ஏதோ ஒரு வருடத்தைச் சொல்லியிருப்பார், அது பல வருடம் துரத்தும்.

குடும்பம். இந்தப் பகுதியில் எந்தக் கடைக்கும் மதிப்பெண் போட முடியாது, சாமான் கடையிலேயே இல்லை. ஷின்ஜியாங்கில் இருக்கும் மனைவிக்கோ தாய்க்கோ பாஸ்போர்ட் கொடுப்பது சீனா. ஆரம்பத்தில் தொலைபேசியாவது இருந்தது. 2017-க்குப் பிறகு வெளிநாட்டு அழைப்பு வருவதே அங்கே ஆளைப் பிடித்துப்போகக் காரணமாகலாம் என்ற நிலை வந்து, வெளிநாடுகளில் இருக்கும் உய்குர்களிடம் வீட்டார் தாங்களே 'இனி பேசாதே' என்று சொல்லித் துண்டித்துக்கொண்டார்கள். ஆகவே குடியமர்த்தும் அலுவலர் நல்லெண்ணத்தில் 'வீட்டுக்கு ஒரு போன் போட்டுத் தரட்டுமா' என்று கேட்பது ஆபத்தான உதவி. அவர் கேட்டாலொழியத் தொடக்கூடாது. கேட்டாலும், அழைப்பை யார் எடுப்பார், அவருக்கு என்ன ஆகும் என்று பேசிவிட்டுத்தான். குடும்பம் வேறொரு நாட்டுக்கு வந்துவிட்டது, கையில் எந்த ஆவணமும் இல்லை என்றால், செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு ஒரு பயணத்துக்கு மட்டும் செல்லும் அவசரப் பயண ஆவணத்தைக் காசில்லாமல் தருகிறது. ஏற்கும் நாடு விசா தருவதாக எழுத்தில் சொன்ன பிறகே அது வேலைக்கு ஆகும்.

நஷ்டஈடு என்ற வரி பொட்டலத்தின் சீட்டில் அச்சாகவே இல்லை. அமெரிக்காவில் 2006-ஆம் ஆண்டு ராணுவ ஆணையங்கள் சட்டம், தடுப்புக்காவலைப் பற்றி இப்படிப்பட்ட வெளிநாட்டவர் வழக்குப் போடும் வழியை அடைத்துவைத்திருக்கிறது. மற்ற இடங்களில் நடந்ததோடு வைத்துப் பாருங்கள்: பிரிட்டன் 2010-ல் தன் முன்னாள் குவாண்டனாமோ கைதிகளோடு பண ஒப்பந்தம் செய்தது, கனடா 2017-ல் தன் குடிமகனும் முன்னாள் குவாண்டனாமோ கைதியுமான ஓமர் காதருக்கு ஒரு கோடியே ஐந்து லட்சம் கனடிய டாலர் கொடுத்து மன்னிப்பும் கேட்டது. இந்த இரு தரப்புக்கும் கேட்டு வாங்கத் தங்களுக்கென ஓர் அரசாங்கம் இருந்தது. உய்குருக்காகக் கேட்க வேண்டிய அரசாங்கம் பெய்ஜிங்கில் இருக்கிறது; அது அவரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

டிரானாவுக்கோ வேறு எந்த ஊருக்கோ இப்படி ஒருவர் வரப்போகிறார் என்று தெரிந்து ஏற்பாட்டில் இருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பயண ஆவண மனுவை முதல் மாதமே போட்டுவிடுங்கள்; பதில் வர ஆண்டுகள் ஆகலாம், ஆனால் எப்போது கேட்டோம் என்பதற்கு ஏற்பு முத்திரையில் விழும் தேதிதான் சான்று. அந்த ஒப்புகைச் சீட்டை அலுவலகக் கோப்பில் வைக்கவேண்டாம். பிளாஸ்டிக் உறையில் போட்டு அவர் கையிலேயே கொடுங்கள்.